பேஸை ரிப்பேருக்குக் கொடுக்கிறீர்களா? பிக்கப்பை அளந்துவிட்டுக் கொடுங்கள்

பேஸ் கிட்டார் வாசிக்கும் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஃப்ரெட் லெவலிங்கும் (நெக், அதாவது கழுத்துப் பகுதியிலுள்ள உலோகக் கட்டைகளை ஒரே உயரத்துக்கு அராவுவது) செட்டப்பும் (கம்பி உயரம் போன்றவற்றைச் சரிசெய்வது) செய்துதரச் சொல்லி சென்னையில் ஒருவரிடம் என் ஜாஸ் பேஸ் மாடல் கிட்டாரைக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பாகம்) பக்கப் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள், என்னுடையது இல்லை. நல்லதைக் கழற்றிக்கொண்டு, மலிவான ஒன்றை வைத்து மூடியிருக்கிறார். லெவலிங்குக்கு வாங்கிய காசுக்கு லெவலிங்கும் செய்யவில்லை. புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் எப்படிப் பிடித்தேன் என்பதை விவரமாக எழுதுகிறேன். கல்யாண மண்டப ஸ்பீக்கரில் பேஸின் நுணுக்கம் பாதி காணாமல் போய்விடும் என்ற தைரியத்தில்தான் இந்த வேலை நடக்கிறது.

நான் திருச்சிக்காரன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் முகூர்த்த நாட்களில் இன்னிசைக் குழுவிலும் வாசிக்கிறேன். எங்கள் நிகழ்ச்சியில் பாதி இளையராஜா பாட்டு. அந்தப் பாட்டுகளில் சசிதரன் சார் போன்ற பேஸ்காரர்கள் வாசித்த லைன்களை, பேஸ் என்று ஒரு வாத்தியம் இருப்பதே தெரியாதவர்கள்கூட முணுமுணுப்பார்கள். ஒரு ஸ்வரம் மங்கினாலும் எனக்குத் தாங்காது. அதனால்தான் சிங்கப்பூரில் இருக்கும் மாமா மூலம் செய்மோர் டங்கன் கம்பெனிப் பிக்கப் ஜோடி ஒன்றை வரவழைத்து, நானே சால்டர் வைத்துப் போட்டேன். போடும்போது போட்டோ எடுத்தேன், மல்டிமீட்டரில் மின்தடையை அளந்து நோட்டில் குறித்தேன், அடித்தட்டில் பென்சிலால் தேதி எழுதினேன். இன்று எனக்கு இருக்கும் சாட்சி அதுதான்.

காலப்போக்கில் ஃப்ரெட் தேய்ந்தது. ரவுண்ட்வவுண்ட் (சொரசொரப்பான) கம்பி போடுகிறவர்களுக்குத் தெரியும், அதிகம் வாசிக்கும் இடங்களில் கம்பிக்குக் கீழே பள்ளம் விழும். என் பேஸில் ஏ கம்பிக்கடியில் மூன்றாவது, ஐந்தாவது ஃப்ரெட்கள் நன்றாகக் குழிந்து கரகரவென்று அடிக்க ஆரம்பித்தன. இங்கே அந்த வேலையை நம்பிக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. கூட வாசிக்கும் ஒருவர் சொல்லித்தான் சென்னைக்காரரிடம் போனேன்.

பேச்சில் குறையே சொல்ல முடியாது. ஃபெண்டர் கம்பெனி 1951-இல் கொண்டுவந்த ப்ரிசிஷன் பேஸுக்கும் 1960-இல் வந்த ஜாஸ் பேஸுக்கும் நெக் அகலத்தில் என்ன வித்தியாசம், பேஸ் மேதை ஜேம்ஸ் ஜேமர்சன் தன் ஃப்ளாட்வவுண்ட் (வழவழப்பான) கம்பியை ஏன் மாற்றாமலே இருந்தார் என்றெல்லாம் டீ ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தோம். இரண்டு பேஸ்காரர்கள் சந்தித்தால் இப்படித்தான் நேரம் போகும். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். என் பிக்கப் என்ன என்று அவர் கேட்டதும் அந்தப் பேச்சில்தான். 4,500 ரூபாய் என்று பேசினோம். எடுக்கப் போனபோது “ட்ரஸ் ராட் இறுகிப் போயிருந்துச்சு தம்பி, எக்ஸ்ட்ரா வேலை” என்று 7,000 ஆனது. (ட்ரஸ் ராட் என்பது நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி.) பில் கேட்டேன். “நம்ம தொழில்ல பில்லெல்லாம் ஏது?” என்றார். ஜிபேயில் அவர் கொடுத்த நம்பரோ வேறொரு பெயரில் இருந்தது.

வீட்டுக்கு வந்து ஆம்பில் செருகினேன். இரண்டு பிக்கப்பின் வால்யூமையும் முழுசாகத் திறந்தேன். உம்மென்ற இரைச்சல் நிற்கவே இல்லை.

ஜாஸ் பேஸ் வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய துப்பு என்று புரியும். அதிலிருக்கும் ஒவ்வொரு பிக்கப்பும் ஒற்றைச் சுருள்தான். தனியாகத் திறந்தால் சுற்றியுள்ள மின்சார இரைச்சலை இழுக்கும். நம் ஊரில் அது 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். ஆனால் ஜோடியாகச் செய்யும்போது ஒன்றின் சுருளை மற்றதற்கு எதிராகச் சுற்றி, காந்தத்தையும் தலைகீழாக வைப்பார்கள். இரண்டையும் சமமாகத் திறக்கும்போது இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கம்பியின் ஒலி மட்டும் கூடி வரும். சீரியல் லைட்டும் ஜெனரேட்டரும் உள்ள மண்டபங்களில் நான் இரண்டையும் முழுசாகத் திறந்தே வாசிப்பேன். கொடுப்பதற்கு முந்தைய வாரம்வரை அமைதியாக இருந்த பேஸ் அது.

உடனே போன் செய்தேன். “வயர் மாறிப் போயிருக்கும் தம்பி, நீங்களே திருப்பிப் போட்டுக்கோங்க” என்றார். இந்தப் பதிலை வேறு யாரிடமும் அவர் சொல்லலாம், கவனித்துக்கொள்ளுங்கள். ஒரு பிக்கப்பின் இரண்டு வயரும் இடம் மாறியிருந்தால் இரைச்சல் வரும், வாஸ்தவம். கூடவே, இரண்டையும் திறக்கும்போது கம்பியின் அடிநாதம் செத்து, ஒலி தகரடப்பா போல மெலிந்துவிடும். எனக்கு ஒலி கனமாகவே இருந்தது, இரைச்சலும் இருந்தது. அப்படியானால் வயரில் கோளாறு இல்லை. ஒரே பக்கம் சுற்றி, ஒரே பக்கம் காந்தம் வைத்த, ஜோடி சேராத இரண்டு பிக்கப் உள்ளே இருக்கின்றன.

காம்பஸை எடுத்து நெக் பக்கப் பிக்கப்பின் துருவங்கள் அருகே மெதுவாகக் கொண்டுபோனேன். (சட்டென்று ஒட்டவைக்காதீர்கள், காம்பஸ் முள்ளின் காந்தமே மாறிவிடும்.) பிறகு பிரிட்ஜ் பக்கம். சரியான ஜோடியில் முள்ளின் எதிரெதிர் முனைகள் திரும்ப வேண்டும். இரண்டிலும் ஒரே முனைதான் திரும்பியது. அதற்குப் பிறகுதான் கழற்றினேன். அடித்தட்டில் என் பென்சில் எழுத்து இல்லை, கம்பெனி லேபிளும் இல்லை. நோட்டில் இருந்த அளவும் மீட்டரில் வந்த அளவும் ஒத்துப்போகவில்லை. என் ஜோடியில் பிரிட்ஜ் பிக்கப் நெக் பிக்கப்பைவிட இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளம். வந்திருந்ததோ நெக் அளவுள்ளது. பிக்கப் உட்காரும் குழியின் ஓரத்தில் இடைவெளி தெரிந்தது. பழைய போட்டோவில் அந்த இடைவெளி கிடையாது.

ஃப்ரெட்டையும் பார்த்தேன். லெவல் செய்தால் எல்லா ஃப்ரெட்டின் தலையும் ஒரே உயரத்துக்கு அராவப்படும். குழி மறையும் அல்லது நன்றாகக் குறையும். ஏ கம்பிக்கடியில் என் இரண்டு குழிகளும் அப்படியே இருந்தன. மேலே பாலிஷ் மட்டும் போட்டிருக்கிறார். கரகரப்பை அடக்க பிரிட்ஜில் கம்பி உட்காரும் சாடிலைத் தூக்கிவிட்டிருக்கிறார். பதினேழாவது ஃப்ரெட்டில் ஈ கம்பி சுமார் இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் கைக்குச் சுகம். எனக்கு வந்தது அதைவிட மிக உயரம். அதை வைத்து மூன்று மணி நேர நிகழ்ச்சி வாசித்தால் விரல் கழன்றுவிடும்.

போட்டோக்களை அனுப்பினேன். “உள்ள இருந்ததே அதுதான். நீங்க வாங்கும்போதே யாரோ ஏமாத்தியிருப்பாங்க” என்று பதில் வந்தது. பிறகு என் நம்பரைத் தடுத்துவிட்டார். காசு போனதைவிட அந்த ஒரு வரிதான் எனக்கு வலித்தது. நானே சால்டர் வைத்த பிக்கப் அது.

நீங்கள் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கழற்றாமலேயே ஒரு வேலை செய்யலாம். பேஸில் கேபிளைச் செருகி, மறுமுனைப் பிளக்கின் நுனியிலும் உடம்பிலும் மல்டிமீட்டரை வையுங்கள். ஒரு வால்யூம் முழுசாக, மற்றது பூஜ்யமாக. பேட்டரி இல்லாத சாதாரண ஜாஸ் பேஸில் பெரும்பாலும் ஏழு எட்டு கிலோ ஓம் பக்கம் ஓர் எண் வரும். இரண்டு பிக்கப்புக்கும் எடுத்து, மீட்டரோடு சேர்த்து போட்டோ பிடித்து, அதையே ரிப்பேர்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கொடுங்கள். வெப்பத்துக்கு ஏற்ப எண் கொஞ்சம் ஏறும், இறங்கும், அது சகஜம். நேர்மையாக வேலை செய்கிறவர் இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார். இப்போது நான் போகும் மதுரை அண்ணன், “நல்லதாப் போச்சு தம்பி, எனக்கும் பாதுகாப்பு” என்றார். லெவலிங் முடிந்ததும் குழி இருந்த இடத்தில் ஸ்கேலை வைத்து அவரே காட்டினார்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: ரிப்பேரும் காசு கொடுத்து வாங்கும் சேவைதான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போட முடியும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில் இல்லாவிட்டாலும் வாட்ஸ்அப் உரையாடல், ஜிபே ரசீது, போட்டோக்கள் எல்லாவற்றையும் இணைத்து திருச்சியில் தாக்கல் செய்திருக்கிறேன்.

இன்னொரு வேண்டுகோள். தனியாக ஒரு செய்மோர் டங்கன் ஜாஸ் பேஸ் பிரிட்ஜ் பிக்கப் உங்களிடம் விலைக்கு வந்தால், அடித்தட்டைப் பாருங்கள். லேபிளுக்கு இடதுபுறம் பென்சிலில் தேதியும், அதன் கீழே சின்னதாக ஒரு சிலுவைக் குறியும் இருந்தால் அது என்னுடையது. போட்டோ எடுத்து அனுப்புங்கள். நீங்கள் கொடுத்த விலையை நான் கொடுத்துவிடுகிறேன்.