வேகமா, இதயத்துடிப்பா: வேலூர் வெயிலில் எதைப் பார்த்து ஓடுவது?

மார்ச் முதல் ஜூன் வரை வேலூரில் மெது ஓட்டத்துக்கு இதயத்துடிப்பைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். டிசம்பர் காலையில் கோட்டைப் பக்கம் 7 நிமிடத்தில் ஓடிய கிலோமீட்டரை மே மாதமும் அதே 7 நிமிடத்தில் முடிக்கலாம். ஆனால் 135ல் இருந்த துடிப்பு 150ஐத் தாண்டியிருக்கும். வியர்வையில் நீர் குறைகிறது, உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகிறது. ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம் குறைய, இதயம் கூடுதலாகத் துடித்து ஈடுகட்டுகிறது. வேகத்தை மட்டும் பார்த்தால் இது எதுவுமே தெரியாது. ஏலகிரி ஏற்றமும் அப்படித்தான். 14 கொண்டை ஊசி வளைவுகளில் வேகக் கணக்கு எடுபடாது.

400 மீட்டர் விரைவு ஓட்டங்களுக்கு மட்டும் வேகமே சரி. துடிப்பு ஏறுவதற்குள் பாதித் தூரம் போய்விடும், மணிக்கட்டு வாட்ச் இன்னும் தாமதமாகக் காட்டும். மார்பில் கட்டித் துடிப்பை அளக்கும் பட்டை பரவாயில்லை.

அப்புறம், அதிகபட்சத் துடிப்பைக் கண்டுபிடிக்க 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு வெறும் தோராயம். கூட ஓடுபவரிடம் மூச்சிரைக்காமல் பேச முடிகிறதா என்றும் பாருங்கள். இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்தக் கணக்கே பொருந்தாது. டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும்.