அடோபி ஸ்டாக்: படம் கொடுப்பவரின் பக்கமிருந்து ஒரு மதிப்புரை

திருமணப் படப்பிடிப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஆடியும் மார்கழியும் வேலையில்லாத மாதங்கள். முகூர்த்தம் இருக்காது, கேமராவும் லென்ஸும் பையை விட்டு வெளியே வராது, அவற்றை வாங்கிய கடனுக்கான மாதத் தவணை மட்டும் தவறாமல் வந்துவிடும். அப்படியோர் ஆடி மாதத்தில்தான் இணையத்தில் ஒளிப்படங்களை விற்றுத் தரும் தளங்களில் கணக்குத் தொடங்கினேன். இன்று எனக்கு நான்கு தளங்களில் கணக்கு இருந்தாலும், புதிதாக எடுத்த படத்தை முதலில் ஏற்றுவது அடோபி ஸ்டாக்கில்தான் என்பதால், இந்த மதிப்புரையை அதை மையமாக வைத்தே எழுதுகிறேன். படம் வாங்குபவர்களுக்கான மதிப்புரைகள் நிறையக் கிடைக்கின்றன; படம் கொடுப்பவர் கணக்குத் தொடங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைத் தமிழில் தேடியபோது எனக்கு அதிகம் கிடைக்கவில்லை.

யாரும் கேட்காமலேயே எடுத்து, தேவைப்படுபவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று அடுக்கி வைக்கும் படத்துக்குத்தான் ஸ்டாக் படம் என்று பெயர். ஒரே படம் ஒரு மருத்துவமனையின் துண்டறிக்கைக்கும், வேறொரு நாட்டில் அச்சாகும் மசாலாப் பொட்டலத்தின் உறைக்கும் போகலாம். ‘ராயல்டி ஃப்ரீ’ என்ற பெயரைக் கேட்டு இலவசம் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. ஒருமுறை பணம் கட்டி உரிமம் வாங்கியவர் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டியதில்லை என்பதே அதன் பொருள். படத்தின் காப்புரிமை எடுத்தவரிடமே இருக்கிறது. படத்தைத் தன்னிடம் மட்டுமே விற்க வேண்டும் என்று அடோபி கேட்பதில்லை என்பதால், அதே படத்தை வேறு தளங்களிலும் தாராளமாக விற்கலாம்.

அடோபி இந்தக் கடையைத் தானே புதிதாகக் கட்டவில்லை. ஃபோட்டோலியா என்ற தளத்தை 800 மில்லியன் டாலருக்கு வாங்கப்போவதாக 2014 டிசம்பரில் அறிவித்து, 2015 ஜூனில் அடோபி ஸ்டாக் என்ற பெயரில் தன் கடையைத் திறந்தது. அடோபியின் வடிவமைப்பு மென்பொருள்களான போட்டோஷாப்பிலோ இன்டிசைனிலோ வேலை செய்துகொண்டிருக்கும் வடிவமைப்பாளர், அந்த மென்பொருளை விட்டு வெளியே போகாமலேயே படத்தைத் தேடி, நீர்க்குறியுள்ள மாதிரியைத் தன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பிடித்திருந்தால் அங்கேயே உரிமம் வாங்கிவிட முடியும் என்பதுதான் இதன் முதல் பலம். வாங்குபவரின் மேசைக்கே கடை போய்விடுகிறது.

பங்கு விகிதத்திலும் இங்கே குழப்பம் குறைவு. ஒளிப்படத்துக்கு விலையில் 33 விழுக்காடு நமக்கு வரும், வீடியோவுக்கு 35 விழுக்காடு. நேற்று சேர்ந்தவருக்கும் பத்தாண்டு அனுபவம் உள்ளவருக்கும் அதே விகிதம்தான். தளத்துக்குச் சந்தா கட்டியிருக்கும் ஒருவர் படத்தைப் பதிவிறக்கும்போது, நம் மொத்த விற்பனை எண்ணிக்கையைப் பொறுத்துக் குறைந்தபட்சம் 33 முதல் 38 சென்ட் வரை கிடைக்கும். இதேபோன்ற மற்றொரு தளமான ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் கொண்டுவந்த முறையோடு ஒப்பிட்டால்தான் இதன் அருமை புரியும். அங்கே 15 முதல் 40 விழுக்காடு வரை ஆறு படிகள். ஆண்டு முழுவதும் ஏறிய படியிலிருந்து ஜனவரி முதல் தேதியன்று எல்லோரும் மீண்டும் கீழே இறக்கப்படுவார்கள். சந்தா விற்பனைக்கான அடிமட்டத் தொகை 10 சென்ட். ஐஸ்டாக் என்ற இன்னொரு தளத்தில், அங்கே மட்டுமே விற்பதாக ஒப்பந்தம் செய்யாதவருக்கு ஒளிப்படத்துக்கு 15 விழுக்காடுதான். வேலை ஒன்று, படம் ஒன்று, கூலி மட்டும் இத்தனை விதம்.

ஆனாலும் 33 சென்ட் என்பது ஏறத்தாழ ஒரு நல்ல காபியின் விலை என்பதை மறந்துவிடக் கூடாது. பணத்தை எடுக்கக் குறைந்தது 25 டாலர் சேர வேண்டும். முதல் விற்பனைக்குப் பிறகு 45 நாட்களும் கழிந்திருக்க வேண்டும். சந்தா விற்பனை மட்டுமே நடந்தால், அந்த 25 டாலரைத் தொட 76 முறை படம் இறக்கப்பட வேண்டும். ஒற்றைப் படமாக வாங்குபவர் வந்தால் மூன்று டாலருக்குச் சற்று மேல் கிடைக்கும். விற்பனைப் பொருள்களில் அச்சிடுவது போன்ற கூடுதல் பயன்பாடுகளுக்கான விரிவுபடுத்திய உரிமம் விற்றால் 26 டாலரை ஒட்டி வரும். அந்த வகை விற்பனை எப்போதாவதுதான் நிகழும் என்பதால், அதை நம்பி எந்தக் கணக்கும் போடக் கூடாது. திருமண வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்கும் தம்பிகளுக்கு நான் சொல்லும் பதில் ‘வேண்டாம்’ என்பதே.

இந்தத் தளத்தில் படத்தின் அழகைவிட அதோடு சேர்த்து எழுதும் சொற்களே விற்பனையைத் தீர்மானிக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது. ஒரு படத்துக்கு 49 குறிச்சொற்கள் வரை கொடுக்கலாம். அவற்றில் முதல் பத்துக்குத் தேடலில் கூடுதல் எடை உண்டு என்பதால், வரிசையும் முக்கியம். தமிழில் கொடுக்க வழியில்லை. கட்டாகக் கட்டி வைத்த பனங்கிழங்கைப் பொங்கல் சந்தையில் படமெடுத்து, தானாகக் குறிச்சொல் முன்மொழியும் ஒரு கருவியிடம் கொடுத்தேன். அது முள்ளங்கி என்றது; பிறகு மூங்கில் குருத்து என்றது. அதைத் திருத்தி, பனை, கிழங்கு, அறுவடை, தென்னிந்திய உணவு, பொங்கல், நார்ச்சத்து, சந்தை என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக யோசித்து எழுத அரைமணி நேரம் ஆனது. பனங்கிழங்கைப் பெயர் சொல்லித் தேடுபவர் உலகில் எத்தனை பேர்? ஆனால், ‘நார்ச்சத்துள்ள மரபு உணவு’ என்று தேடிய யாரோ ஒருவர்தான் அதை வாங்கினார்.

விற்கும் படங்களைப் பார்த்தால் படமெடுப்பவருக்கு வெட்கமாகக்கூட இருக்கும். இரவு முழுவதும் காத்திருந்து பிடித்த விடியல் வானம் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. வெள்ளைத் துணியின்மேல் வைத்த மூன்று காய்ந்த மிளகாயும், மேல் பாதி வெறுமையாக விடப்பட்ட வாழையிலையும் மாதந்தோறும் போகின்றன. வடிவமைப்பாளருக்கு எழுத்தை அடுக்க இடம் வேண்டும். நம் கலை அவருக்கு வேண்டியதில்லை.

தரப் பரிசோதனை கடுமையாக இருந்தாலும் விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. குறைந்தபட்சம் 4 மெகாபிக்சல், ஜேபெக் வடிவம், எஸ்ஆர்ஜிபி வண்ணவெளி (திரைகளுக்கான பொது வண்ண முறை) என்பவை அடிப்படை. இன்றைய கைபேசிகளே இந்த அளவைத் தாண்டிவிடுகின்றன. ஆனால், கணினித் திரையில் சிறிதாகப் பார்த்துவிட்டு ஏற்றுவது வீண் வேலை. லென்ஸின் துளையை எஃப்/16 என்ற அளவுக்குச் சுருக்கி எடுத்த உப்பளப் படம் ஒன்றை நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, வானத்தை இடமிருந்து வலமாக அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்தபோது, கேமராவின் சென்சாரில் ஒட்டியிருந்த தூசியின் சாம்பல் நிறப் புள்ளிகள் பதினொன்று தென்பட்டன. திருமண ஆல்பத்தில் அவற்றை எவரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரே காட்சியைச் சிறுசிறு மாற்றங்களோடு இருபது படங்களாக ஏற்றினாலும், ஒன்றுபோல் இருப்பதாகச் சொல்லி நிராகரிக்கும் விதி உண்டு. அந்த இருபதில் சிறந்த மூன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நாமே செய்துவிடுவது நல்லது.

ஒப்புதல் படிவங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வணிகப் பயன்பாட்டுக்குப் போகும் படத்தில் அடையாளம் காணத்தக்க முகம் இருந்தால், அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தையும் சேர்த்து ஏற்ற வேண்டும். தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பாட்டியைப் படமெடுத்துவிட்டு, ஆங்கிலப் படிவத்தை நீட்டினேன். “எழவு, பத்திரத்துலயா கையெழுத்து கேக்குத?” என்று பின்வாங்கிவிட்டார். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. படம் எந்த நாட்டில், எந்தப் பொருளின் விளம்பரத்தில் வரும் என்று எடுத்தவனுக்கே தெரியாத நிலையில், கைநாட்டு வைப்பவருக்கு நான் என்ன உறுதி கொடுக்க முடியும்? மறுநாள் அவருடைய பேத்தியை உடன் வைத்துக்கொண்டு, படிவத்தின் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி விளக்கி, பாதி நாள் கூலியைக் கையில் கொடுத்த பிறகே ஒப்புக்கொண்டார். இப்போதெல்லாம் படிவத்தைப் படமெடுப்பதற்கு முன்பே காட்டிவிடுகிறேன். முகம் தெரியாமல் கைகளை மட்டும் எடுப்பது எளிய வழி. உப்பு அள்ளும் அந்தக் கைகள்தாம் முகத்தைவிட அதிகம் விற்றிருக்கின்றன.

மனிதர்கள் மட்டுமல்ல, பொருள்களும் ஒப்புதல் கேட்கும். ஸ்கூட்டரின் முத்திரை, பேனாவின் பெயர், சுவரில் வரைந்த நவீன ஓவியம் ஆகியவற்றைப் படத்திலிருந்து நீக்க வேண்டும் அல்லது உரியவரிடம் அனுமதி பெற வேண்டும். ஈபிள் கோபுரத்தைப் பகலில் எடுத்து விற்கலாம். இரவில் ஒளிரும் விளக்கமைப்புக்குக் காப்புரிமை கோரப்படுவதால் இரவுப் படத்தை விற்க முடியாது. பெயர் சொல்ல விரும்பாத வேறொரு தளத்தில், என் எதிர்வீட்டு அக்கா போட்ட மார்கழிக் கோலத்தின் படத்தை, ‘அடையாளம் காணத்தக்க கலைப்படைப்பு’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். செய்தி கேட்டதும் அக்கா பூரித்துப்போனார். எனக்குத்தான் ஒரு படம் நட்டம். திருவிழாக் கூட்டம், போராட்டம் போன்ற செய்திப் படங்களுக்கு அடோபி ஏற்ற இடமல்ல. அவற்றுக்கு எடிட்டோரியல் விற்பனையில், அதாவது செய்திக்கும் கட்டுரைக்கும் படம் விற்பதில் பழகிய அலாமி போன்ற தளமே பொருந்தும்.

பணம் கைக்கு வருவதற்குள் வரிப் படிவம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கர் அல்லாத தனிநபர்கள் டபிள்யூ-8 பென் என்ற படிவத்தைத் தளத்திலேயே நிரப்ப வேண்டும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான வரி ஒப்பந்தத்தின்படி ராயல்டிக்கான (நமக்கு வரும் உரிமத் தொகைக்கான) வரிப் பிடித்தம் 15 விழுக்காடு. ஒப்பந்தச் சலுகையைக் கோராவிட்டால் 30 விழுக்காடு. அமெரிக்காவில் நடக்கும் விற்பனைக்கே இந்தப் பிடித்தம் பொருந்தும். நம்முடைய பான் எண்ணை வரி அடையாள எண்ணாகக் கொடுக்கலாம். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் முடிவில் படிவம் காலாவதியாகிவிடும் என்பதை நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. பணம் பேபால் அல்லது பயோனீர் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக வருகிறது. ரூபாயாக மாறும்போது மாற்று விகிதத்தில் ஒரு துண்டு அங்கேயும் போய்விடும்.

எனக்கு நிறைவளிக்காத பகுதி செயற்கை நுண்ணறிவு தொடர்பானது. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களை, அப்படி உருவானவை என்று குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு, 2022 டிசம்பரில் அடோபி ஏற்கத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் மற்றொரு பட விற்பனை நிறுவனமான கெட்டி இமேஜஸ் அத்தகைய படங்களுக்குத் தடை விதித்திருந்தது. 2023 மார்ச்சில் வெளியான, படம் உருவாக்கும் அடோபியின் செயற்கை நுண்ணறிவுக் கருவியான ஃபயர்ஃப்ளை, அடோபி ஸ்டாக்கில் இருந்த படங்களைக் கொண்டும் பயிற்றுவிக்கப்பட்டது. அதற்கான ஊக்கத்தொகையைப் படம் கொடுத்தவர்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பரில் கொடுத்தார்கள். தொகை கொடுத்ததைப் பாராட்டலாம். ஆனால் ‘என் படத்தை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்’ என்று சொல்லும் வசதியைக் கொடுக்கவில்லை. ஷட்டர்ஸ்டாக்கில், கூலியில் எத்தனை குறை இருந்தாலும், அந்த விலகும் வசதி இருக்கிறது. வாங்குபவர் விரும்பினால் செயற்கைப் படங்களைத் தேடலிலிருந்து ஒதுக்கிவிட ஒரு வடிகட்டி உண்டு என்பது சிறிய ஆறுதல்.

இதனால் நான் எடுக்கும் படங்களே மாறியிருக்கின்றன. சூரிய அஸ்தமனம், கைகுலுக்கும் கைகள், வெள்ளைப் பின்னணியில் ஆப்பிள் ஆகியவற்றை விட்டுவிட்டேன். அவற்றை இயந்திரம் நொடியில் செய்துவிடும். பனையோலையில் கொழுக்கட்டை மடிக்கும் விரல்களின் வரிசை, ஈயப் பாத்திரத்தில் ரசம் நுரைத்து எழும் கணம், பாத்தியில் உப்பு பூக்கத் தொடங்கும்போது நீரின்மேல் படியும் மெல்லிய ஆடை போன்றவற்றை, அருகில் போய், பத்து நொடி வீடியோவாகவும் சேர்த்து எடுக்கிறேன். வீடியோவுக்கு இரண்டு விழுக்காடு கூடுதல் என்பதோடு, இந்த வகைக் காட்சிகளை அங்கே வைத்திருப்பவர்களும் இன்னும் சிலரே. வரும் ஆடியில் உப்பளத்துக்கு மறுபடியும் போக வேண்டும். இந்த முறை படிவத்தின் தமிழ் விளக்கத்தை ஒரு தாளில் அச்சடித்து எடுத்துப் போகிறேன்.