நாகர்கோவிலில் ஒரு கோடை வானியற்பியல் வகுப்பு: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

பத்தாம் வகுப்புக்குச் செல்லவிருக்கும் என் மகளை, கடந்த மே மாதம் நாகர்கோவிலில் நடந்த வானியற்பியல் அறிமுக வகுப்பில் சேர்த்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கான அந்த வகுப்பில் 12 அமர்வுகளும் 2 இரவு வான்நோக்கல்களும் இருந்தன. கட்டணம் 2,500 ரூபாய். குறைகளையும் எழுதவிருப்பதால் நடத்தியவர்களின் பெயரைத் தவிர்க்கிறேன். இத்தகைய வகுப்பைத் தேடும் பெற்றோர் என்ன கேட்டுச் சேர்க்க வேண்டும் என்பதற்கு என் அனுபவம் பயன்பட்டால் போதும்.

முதல் வாரமே கட்டணத்துக்கு ஈடாகிவிட்டது என்பேன். வகுப்பு நடந்தது ஒரு பழைய ஓட்டு வீட்டில். கூரையில் ஓர் ஓட்டை நகர்த்தி, அந்த இடத்தில் 3 மில்லிமீட்டர் துளையிட்ட கறுப்பு அட்டையைப் பொருத்தியிருந்தார்கள். கதவு, சன்னல்களை அடைத்ததும், 3 மீட்டர் கீழே தரையில் விரித்த வெள்ளைத் தாளில் சூரியன் ஒரு சிறு வட்டமாக விழுந்தது. மே மாதத்தில் இங்கு நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சியிலேயே நிற்பதால் வட்டம் நீளவில்லை. அந்த நண்பகலும் கடிகாரத்தின் 12 மணி அன்று. நமது நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுவதால், அதற்கு ஏறத்தாழ 5 பாகை மேற்கே இருக்கும் நாகர்கோவிலில் சூரியன் ஏறத்தாழ 20 நிமிடம் தாமதமாக உச்சிக்கு வரும், மே மாதத்தில் அது 4 நிமிடம் போல் முந்துவதால் 12.16 ஆகும் என்பதை ஆசிரியர் முதலிலேயே கணக்கிட வைத்திருந்தார்.

என் மகள் வட்டத்தை அளந்தபோது 31 மில்லிமீட்டர் வந்தது. அதை 3,000-ஆல் வகுத்து, சூரியனின் தூரமான 15 கோடி கிலோமீட்டரால் பெருக்கினால் விட்டம் 15.5 லட்சம் கிலோமீட்டர். அது அதிகம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஆசிரியர் பேசாமல் இருந்தார். துளைக்கும் ஓர் அகலம் உண்டு, அதைக் கழிக்க வேண்டும் என்று குளச்சலில் இருந்து வந்த ஒரு மாணவன்தான் கண்டுபிடித்தான். 28 மில்லிமீட்டர் என்று திருத்தியதும் விடை 14 லட்சம். உண்மையான விட்டம் 13.9 லட்சத்துக்குச் சற்று மேல். தவறு எங்கே நுழைகிறது என்பதைப் பிள்ளைகளே தேடிப் பிடித்த அந்த அரை மணி நேரத்தை எந்தக் காணொளியும் தந்துவிடாது.

இரவு வான்நோக்கலில் ஒன்று மழையில் போயிற்று. கோடை மழைக் காலத்தில் அதற்கு யாரையும் குறை கூற இயலாது, ஆனால் மாற்று நாள் கொடுத்திருக்கலாம். மற்றொன்று சொத்தவிளைக் கடற்கரையில் நடந்தது. துருவ விண்மீனின் உயரம் ஓர் ஊரின் அட்சரேகைக்குச் சமம் என்பதால், இங்கு அது தொடுவானத்திலிருந்து 8 பாகைதான். நீட்டிய கையின் முஷ்டி ஒன்றின் அகலத்துக்கும் குறைவு. வடக்கே தென்னையும் மலையும் அதை மறைத்துவிட்டன. தெற்கே கடலுக்கு மேலோ, இரவு 9 மணிக்குத் தென்சிலுவை நிமிர்ந்து நின்றது. அதற்குக் கிழக்கே ஆல்ஃபா சென்டாரி. அதன் தூரம் ஏறத்தாழ 4.4 ஒளியாண்டு. அதன் ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது என் மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். டெல்லியில் உள்ள பிள்ளைகள் தம் ஊரிலிருந்து அதைக் காண முடிந்தாலும் தொடுவானத்தோடு ஒட்டித்தான் காண வேண்டும். இங்கு அது தாராளமாக மேலேறி வருகிறது.

நீலம் கலந்த சித்திரையையும் செம்மையான கேட்டையையும் அடுத்தடுத்துப் பார்க்க வைத்து, நிறத்திலிருந்து வெப்பநிலைக்குப் போன முறையும் நன்று. விண்மீன் மிகுதியாக வீசும் ஒளியின் அலைநீளம் குறையக் குறைய வெப்பம் கூடும் என்னும் வீன் விதியின்படி முன்னது 20,000 கெல்வினுக்கும் மேல், பின்னது 3,600 அளவில். ஆனால் ஆசிரியர் அவற்றை ஸ்பைகா, அன்டாரஸ் என்றே அழைத்தார். பஞ்சாங்கம் பார்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சித்திரையும் கேட்டையும் நாள்தோறும் காதில் விழும் பெயர்கள். அவை வானத்தில் கண்ணால் காணும் விண்மீன்கள் என்பதை நான் வீட்டுக்கு வந்துதான் சொல்ல வேண்டியதாயிற்று.

குறை என்றால் கடைசி நான்கு அமர்வுகள். சூரியன் நொடிக்கு ஏறத்தாழ 40 லட்சம் டன் நிறையை ஆற்றலாக இழக்கிறது என்பது வரை கணக்கோடு வந்த பாடம், அதன் பிறகு கருந்துளை, பெருவெடிப்பு என்று வண்ணப் படங்களாகக் கரைந்துவிட்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், 1930-இல் இங்கிலாந்து செல்லும் கப்பலில் தொடங்கிய கணக்குதான், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன் ஒன்று சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறைக்கு மேல் தாங்காது என்னும் வரம்புக்கு இட்டுச் சென்றது. அதை ஒரே படத்தில் காட்டி, ‘1983-இல் நோபல் பரிசு’ என்று முடித்துவிட்டார்கள். ஏன் தாங்காது என்று என் மகள் கேட்டதற்கு, அது கல்லூரிப் பாடம் என்று பதில் வந்ததாம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கேனும் பாதி தூரம் விளக்கியிருக்கலாம்.

தமிழ்வழி மாணவர்களுக்குத் தனிக் குறிப்புத் தாள் கொடுத்தது பாராட்டத் தக்கது. மார்த்தாண்டம், குலசேகரம் பக்கமிருந்து வருவோர், வகுப்பு மாலை 6.30-க்கு முடியும் நாள்களில் பேருந்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடத்துபவர்களிடம் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். இந்த முனையில் சூரியன் நேர் உச்சியில் வந்து, நட்ட கம்புக்கு நிழலே விழாத நாள் ஏப்ரல் 10, 11-ஐ ஒட்டி வருகிறது. வகுப்பு மே மாதத்தில் தொடங்குவதால் அது தவறிவிடுகிறது. அந்த ஒரு நண்பகலுக்கு மட்டுமாவது பிள்ளைகளை முன்னதாக அழைத்தால், இளையவனையும் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.