ஏழு வர்த்தி கினாரா: முத்தியால்பேட்டை மரவேலை

குவான்சா விழாவில் ஏழு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைக்கும் தாங்கியான கினாராவைப் புதுச்சேரியிலேயே செய்து வாங்கலாம். முத்தியால்பேட்டைப் பட்டறை ஒன்றின் வேப்பமரத் தாங்கி நல்ல கனம், ஆடாது. வர்த்திகளில் நடுவில் ஒரு கறுப்பு, இடப்பக்கம் மூன்று சிவப்பு, வலப்பக்கம் மூன்று பச்சை. ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் வேர்களைப் போற்ற 1966-இல் கறுப்பின உரிமைச் செயற்பாட்டாளர் மௌலானா கரெங்கா தொடங்கிய விழா குவான்சா. அதில் டிசம்பர் 30 'நியா' (நோக்கம்) நாள்: தம் சமூகத்தைக் கட்டியெழுப்புவதையே வாழ்வின் நோக்கமாக உறுதி ஏற்பார்கள். அதற்குரிய அக்கறையோடு செய்ய வேண்டிய பொருள் இது.

குறை, வர்த்தி நிற்கும் குழிகளில்தான். ஆழம் அரை அங்குலமே. வர்த்தி சாய்ந்து ஒரு பக்கமாக உருகி வழிகிறது. முக்கால் அங்குலம் கேளுங்கள். உள்ளே பித்தளைக் கிண்ணம் பொருத்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடிவரை எரியும்போது மரம் கருகும். மலிவான கறுப்பு வர்த்தியில் சாயம் திரியை அடைத்துப் புகையும். திரியைக் கால் அங்குலத்துக்கு நறுக்கி, ஃபேனை நிறுத்திவிட்டு ஏற்றுங்கள்.