முதல் ஹார்மோன் ஊசிக்கு முன் மாத்திரை தந்தார்களா என்று கேளுங்கள்

உங்கள் வீட்டில் யாருக்காவது புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால், முதல் ஊசி போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஊசியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்த ஊசிதான் இன்று என் அப்பாவின் நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. ஆனால் அதைப் போட்ட விதத்தில் அவருடைய கால்களே போயிருக்கும்.

அப்பாவுக்கு நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. முதுகெலும்பில் எந்த இடத்தில் என்பதுகூட ஸ்கேன் அறிக்கையில் தெளிவாக இருந்தது. அந்த அறிக்கையை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் மருத்துவர் லூப்ரோலைடு என்ற ஹார்மோன் ஊசியை எழுதினார். "மூணு மாசத்துக்கு ஒரு ஊசி, அவ்வளவுதான். பெருசா பக்கவிளைவு ஒண்ணும் வராது" என்றார். கூடவே மாத்திரை எதுவும் தரவில்லை. முதல் வாரங்களில் எதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. நர்ஸ் ஊசியைப் போட்டு, ஒரு அட்டையில் அடுத்த தேதியைக் குறித்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

சில நாட்களிலேயே முதுகுவலி ஏறிக்கொண்டே போனது. படுத்தாலும் வலி, உட்கார்ந்தாலும் வலி. போன் செய்தோம். "ஊசி போட்டா உடம்பு வலிக்கத்தான் செய்யும், பாராசிட்டமால் குடுங்க" என்றார்கள். மருத்துவரிடம் பேச வேண்டும் என்று கெஞ்சியும் இணைப்பு தரவில்லை. அடுத்த தேதிக்கு வந்தால் போதுமாம். ஒரு நாள் விடியற்காலையில் கழிவறைக்குப் போக எழுந்த அப்பா, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். "காலு நான் சொல்றத கேக்க மாட்டேங்குதும்மா" என்றார்.

வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "ஊசிக்கு முன்னாடி பைகலூட்டமைடு குடுத்தாங்களா?" அந்தப் பெயரையே நாங்கள் அப்போதுதான் கேள்விப்படுகிறோம். என்ன ஊசி, எவ்வளவு அளவு என்று பார்க்க அட்டையை வாங்கினார். அதில் "ஹார்மோன் ஊசி" என்ற இரண்டு வார்த்தைகளும் அடுத்த தேதியும் மட்டுமே இருந்தன. எம்ஆர்ஐயில் கட்டி தண்டுவடத்தை அழுத்துவது தெரிந்தது. உடனே ஸ்டீராய்டு, பிறகு கதிர்வீச்சு. இன்று அப்பா வாக்கரைப் பிடித்து நடக்கிறார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அதுவும் இல்லை.

என்ன நடந்தது என்பதை அந்த மருத்துவர்தான் பொறுமையாக விளக்கினார். லூப்ரோலைடு, கோசெரலின், டிரிப்டோரெலின் போன்ற ஊசிகள் மூளையிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை முதலில் தூண்டிவிட்டு, பிறகுதான் அடக்கும். அதனால் முதல் ஓரிரு வாரங்களுக்கு, இந்தப் புற்றை வளர்க்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவதற்குப் பதிலாக ஏறும். அது நன்றாக இறங்க மூன்று, நான்கு வாரங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் புற்றுக்குத் தீனி கிடைக்கிறது. எல்லோருக்கும் கால் தளர்ந்துவிடாது. ஆனால் முதுகெலும்பில் நோய் இருப்பவர்களுக்கும், சிறுநீர் அடைப்பு இருப்பவர்களுக்கும் அந்த ஏற்றம் ஆபத்து. அதனால்தான் ஊசிக்குச் சில நாட்கள் முன்போ, ஊசியோடு சேர்த்தோ அந்த ஹார்மோன் புற்றில் வேலை செய்யாமல் தடுக்கும் பைகலூட்டமைடு போன்ற மாத்திரையைத் தொடங்கி, சில வாரங்கள் தொடரச் சொல்வார்கள். டெகாரெலிக்ஸ் ஊசிக்கும் ரெலுகோலிக்ஸ் மாத்திரைக்கும் இந்த ஆரம்ப ஏற்றம் கிடையாது. அவை நேரடியாகவே தடுத்துவிடும்.

இது ஏதோ நேற்று கண்டுபிடித்த விஷயம் என்றால் மனம் ஆறும். லூப்ரோலைடுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1985இல். இந்த ஆரம்ப ஏற்றம் மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே அச்சாகியிருக்கிறது. முதுகெலும்பில் நோய் இருக்கும் ஒருவரிடம் இதைச் சொல்லாமல் ஊசி போட்டு அனுப்பியதை என்னால் கவனக்குறைவு என்று சுருக்கிவிட முடியவில்லை. எழுத்தில் புகார் கொடுத்தோம். "வழக்கமான முறைப்படியே சிகிச்சை அளிக்கப்பட்டது" என்று ஒரு வரி பதில் வந்தது. சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டிருக்கிறோம், விடப் போவதில்லை.

மருத்துவமனை மாறிய பிறகு, உடலில் ஆண் ஹார்மோன் உருவாவதைத் தடுக்கும் அபிரடெரோன் மாத்திரையை ஊசியோடு சேர்த்தார்கள். வெறும் வயிற்றில் போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்தவரோ மற்ற மாத்திரைகளுக்கு எழுதுகிற பழக்கத்தில் கவர் மேல் "காலை, சாப்பிட்ட பின்" என்று எழுதித் தந்தார். நான் திருப்பிக் கேட்டதற்கு, "எல்லா மாத்திரையும் அப்படித்தாங்க" என்றார். அப்படி இல்லை. முழு அளவான 1000 மில்லிகிராமை உணவோடு விழுங்கினால் உடலில் சேரும் மருந்து பல மடங்கு கூடிவிடும், கொழுப்பு நிறைந்த உணவென்றால் 10 மடங்கு வரைகூட. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும், போட்ட பின் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. (மருத்துவரே தெரிந்து அளவைக் குறைத்து உணவோடு தரச் சொன்னால் அது வேறு.) இதோடு தரும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது. இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். கல்லீரல் பரிசோதனை முதல் மூன்று மாதங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அவசியம்.

நோய் விஷயம் வெளியே தெரிந்ததும் மூலிகை கேப்சூல்காரர்களும் தேடி வந்தார்கள். ஊசியை நிறுத்திவிடலாம் என்று ஒருவர் சத்தியம் செய்யாத குறை. 'பிசி ஸ்பெஸ்' என்று புராஸ்டேட்டுக்கு விற்ற மூலிகைக் கலவையை 2002இல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அந்தக் கலவைக்குள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் செயற்கை வடிவமும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் கலந்திருந்தன. இதைச் சொன்னதும் அவர் கிளம்பிவிட்டார்.

ஹார்மோன் ஊசியின் மற்ற பக்கவிளைவுகளான எலும்பு தேய்வது, உடல் திடீரென்று சூடாகி வியர்ப்பது, சர்க்கரை ஏறுவது, மனம் சோர்வது எல்லாம் மெல்ல வரும். ஆரம்பத்திலேயே எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். புராஸ்டேட் நோயைக் கண்காணிக்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையோடு டெஸ்டோஸ்டிரோன் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், அது 50க்குக் கீழே (நானோகிராம், டெசிலிட்டருக்கு) இருக்க வேண்டும். ஒவ்வொரு ஊசியின் பெயரும் அளவும் உங்கள் கையில் எழுத்தாக இருக்கட்டும். பெட்டியிலுள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஊசி போட்ட பிறகு முதுகுவலி கூடினால், கால் தளர்ந்தால், மரத்துப்போனால், சிறுநீரோ மலமோ அடைத்தாலோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள். அன்றே அவசரப் பிரிவுக்குப் போய், "புராஸ்டேட் புற்றுநோய், முதுகெலும்பில் பரவியிருக்கிறது, ஹார்மோன் ஊசி போட்டிருக்கிறது, தண்டுவடம் அழுத்தப்படுகிறதா என்று உடனே பாருங்கள்" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.