திரை வெறுமையாகும் வேளையில்: இராமநாதபுரம் கடற்கரைக்கு ஜாபிக்ஸா, ப்ரோமிதியஸும் கிராஃபானாவுமா?

தொண்டிப் பக்கத்து இறால் பண்ணைக்கோ மண்டபத்து ஐஸ் கம்பெனிக்கோ கண்காணிப்பு டேஷ்போர்டு (அளவீடுகளைத் திரையில் காட்டும் பலகை) அமைப்பவர், ஜாபிக்ஸ், ப்ரோமிதியஸ்–கிராஃபானா ஆகிய கண்காணிப்பு மென்பொருள்களில் எதன் வரைபடம் அழகாக இருக்கிறது என்று பார்ப்பதைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். விடியற்காலை நான்கு மணிக்குத் திரை வெறுமையாகக் கிடந்தால், கெட்டது குளமா, உணரியா, இணைப்பா, சர்வரா என்பதை எது விரைவாகக் காட்டும் என்பதே முதலில் கேட்க வேண்டியது. இரவு முழுவதும் பாசிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், குளத்து நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் மிகவும் தாழ்வது அந்த நேரத்தில்தான். அப்போது மின்தடையால், நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் நின்றிருந்தால் காரணம் தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது.

பழுதைப் பிரித்துப் பார்ப்பதில் ப்ரோமிதியஸ்–கிராஃபானா கூட்டணிக்குத் தெளிவு அதிகம். கிராஃபானா காட்சித்திரை மட்டுமே. தரவு ப்ரோமிதியஸிடம் இருக்கிறது. எனவே கிராஃபானாவில் தரவு மூலத்தைச் சோதிக்கும் பொத்தானை அழுத்தி அது தேறிவிட்டால், 9090 போர்ட்டில் (சர்வரில் அந்த மென்பொருளுக்கான இணைப்பு எண்) ப்ரோமிதியஸின் டார்கெட்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தால் போதும். ஒவ்வொரு கருவிக்கும் எதிரே அதன் நிலையும் கடைசியாக வந்த பிழையும் எழுதப்பட்டிருக்கும். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றிருந்தால் பெரும்பாலும் இயந்திரம் உயிரோடுதான் இருக்கிறது, அதில் ஓடி அளவீடுகளை ப்ரோமிதியஸுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டிய எக்ஸ்போர்ட்டர் என்ற நிரல்தான் நின்றுவிட்டது; 'கான்டெக்ஸ்ட் டெட்லைன் எக்ஸீடெட்' என்றிருந்தால் குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை, ஆகவே இணைப்பையோ திணறும் இயந்திரத்தையோ பார்க்க வேண்டும்.

ஜாபிக்ஸ் இந்த இடத்தில் முதலில் குழப்பும். 'ஜாபிக்ஸ் சர்வர் ஓடவில்லை' என்று திரையில் வரும் செய்தியின் பொருள், பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட வலைமுகப்பால் சர்வரின் 10051 போர்ட்டை எட்ட முடியவில்லை என்பது மட்டுமே. முகவரி தவறியோ லினக்ஸின் பாதுகாப்பு அமைப்பான எஸ்இலினக்ஸ் தடுத்தோ அப்படி நேரலாம், சர்வர் பின்னால் ஒழுங்காகத் தரவு திரட்டிக்கொண்டும் இருக்கலாம். ஆகவே மறுதொடக்கம் செய்யுமுன் சர்வரின் லாக்கை (நிகழ்வுப் பதிவை) படித்துவிட வேண்டும். ஆனால் ஜாபிக்ஸின் க்யூ பக்கம், தாமதமாகும் அளவீடுகளை ப்ராக்ஸிவாரியாகப் பிரித்துக் காட்டும். ப்ராக்ஸி என்பது ஓர் ஊரின் அளவீடுகளைத் திரட்டிச் சர்வருக்கு அனுப்பும் இடைநிலை நிரல். தேக்கம் ஒரே ப்ராக்ஸியில் நின்றால் அந்த ஊரின் இணைப்பைச் சந்தேகிக்கலாம், எல்லாவற்றிலும் பரவியிருந்தால் சர்வரையோ தரவுத்தளத்தையோ சந்தேகிக்கலாம். பல ஊர்களில் பண்ணை வைத்திருப்பவருக்கு இந்த ஒரு பக்கமே பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும்.

வெறுமையான திரையைவிடப் பொல்லாதது பழைய எண். கிராஃபானாவில் ஒற்றை எண்ணைப் பெரிதாகக் காட்டும் ஸ்டாட் பேனல், தேர்ந்தெடுத்த கால எல்லைக்குள் கடைசியாகக் கிடைத்த மதிப்பையே இயல்பாகக் காட்டும். எல்லை ஆறு மணி நேரம் என்றால், நள்ளிரவில் இணைப்பு அறுந்த பிறகும் விடியும்வரை 'ஆக்சிஜன் 5' என்று பெரிய பச்சை எழுத்தில் நின்றுகொண்டிருக்கும். ஜாபிக்ஸின் எண் காட்டும் விட்ஜெட், மதிப்போடு அது வந்த நேரத்தையும் இயல்பாகவே காட்டுகிறது. கிராஃபானாவை விரும்புவோர் அந்தப் பேனலின் கால எல்லையைச் சில நிமிடங்களாகச் சுருக்குவதோடு, கருவி எட்டுகிறதா என்பதைச் சொல்லும் 'அப்' அளவீட்டையும் பக்கத்திலேயே வைக்க வேண்டும்.

இக்கரையில் தீர்ப்பை மாற்றுவது இணைப்பு. 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்துக்குள் பிறந்த ப்ரோமிதியஸ், தானே கருவிகளிடம் போய்த் தரவை இழுத்து வருகிறது. எல்லா இயந்திரங்களும் கை எட்டும் வலையமைப்பில் இருக்கும் என்ற நம்பிக்கை அதன் வடிவமைப்பிலேயே ஊறியிருக்கிறது. தேவிபட்டினத்திலோ வாலிநோக்கத்திலோ கைப்பேசி சிம் போட்ட ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கருவியை வெளியிலிருந்து எட்டுவது பெரும்பாலும் நடக்காது. விபிஎன் (இணையத்தின் வழியே அமைக்கும் தனி வலையமைப்பு) வைக்க வேண்டும், அல்லது அங்கேயே ஒரு ப்ரோமிதியஸை ஓடவிட்டு ரிமோட் ரைட் முறையில் மையத்துக்கு அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பும்போதும் மறுமுனை இரண்டு மணி நேரத்துக்கு மேல் எட்டாமல் போனால், அனுப்பப்படாத தரவு மையத்துக்கு வராமலே போய்விடும். லாட்வியாவில் தொடங்கி 2001இல் வெளிவந்த ஜாபிக்ஸின் ஆக்டிவ் ப்ராக்ஸி, உள்ளிருந்து வெளியே பேசுவதால் இந்தச் சிக்கலில் மாட்டுவதில்லை. இணைப்பு அறுந்தால் தரவைத் தன்னிடமே சேர்த்து வைத்துப் பிறகு அனுப்புகிறது. இங்கும் ஒரு பொறி உண்டு. ப்ராக்ஸி ஆஃப்லைன் பஃபர் என்ற அமைப்பின் இயல்பான அளவு 1 மணி நேரம்தான். அதை 720 மணி நேரம்வரை உயர்த்தலாம் என்பதால், புயல் எச்சரிக்கை வழக்கமான இக்கரையில் அதை நிறுவும் அன்றே உயர்த்திவிடுவது நல்லது.

மின்தடைக்குப் பின் வரும் கோளாறுகளில் அதிகம் கவனிக்கப்படாதது கடிகாரம். நான்காம் தலைமுறைவரையிலான ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் மின்கலக் கடிகாரம் கிடையாது. மின்சாரம் திரும்பி, இணையம் இன்னும் திரும்பாத இடைவெளியில் அதன் நேரம் பின்தங்கி நிற்கும். அதில் ஓடும் ப்ரோமிதியஸ், ஏற்கெனவே பதிந்த நேரத்துக்கு முந்திய மாதிரிகளை இயல்பாக ஏற்காது, எனவே கோட்டில் பள்ளம் விழும். ஜாபிக்ஸ் ப்ராக்ஸி என்றால் தரவு தவறான நேரத்தில் போய் உட்காரும். என் பார்வையில் இது இன்னும் மோசம், ஏனெனில் பள்ளமாவது கண்ணில் படும். விலை குறைந்த டிஎஸ்3231 என்ற மின்கலக் கடிகாரத் தொகுதி ஒன்றைப் பொருத்தினால் இரண்டுக்கும் தீர்வு கிடைத்துவிடும்.

பராமரிப்பில் ப்ரோமிதியஸ் இலகுவானது. இயல்பாகப் 15 நாள் தரவை மட்டும் வைத்துக்கொள்ளும். திடீரென நின்று எழும்போது தன் பதிவேட்டை மறுபடி வாசித்து முடிக்கும்வரை கேள்விகளுக்குப் பதில் தராது, அந்தச் சில நிமிடங்களைப் பழுதென்று எண்ணி மீண்டும் மீண்டும் மறுதொடக்கம் செய்வது வீண். ஜாபிக்ஸுக்கு மைஎஸ்க்யூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ் போன்ற தனித் தரவுத்தளம் தேவை. அந்தத் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால், வரலாற்று அட்டவணைகள் பெருத்துச் சர்வரையே திணறடிக்கும். நெட்டேட்டா என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருள் ஒரே இயந்திரத்தை நொடிக்கு நொடி பார்க்க நல்லது, அதற்கு மேல் இந்தப் போட்டியில் அதற்கு இடமில்லை.

எனவே ஒரே வளாகத்துக்குள் எல்லாக் கருவிகளும் அடங்கிய ஐஸ் கம்பெனிக்கு ப்ரோமிதியஸும் கிராஃபானாவும் போதும். கரை நெடுகச் சிதறிய பண்ணைகளுக்கு, தரவுத்தளச் சுமையைப் பொறுத்துக்கொண்டாவது ஜாபிக்ஸையே எடுக்கலாம். எதை எடுத்தாலும், மின்சாரம் போன இடத்தில் நிற்கும் சர்வரால் மின்சாரம் போனதைச் சொல்ல முடியாது என்பதால், அந்தச் சர்வர் பதில் தருகிறதா என்று மட்டும் பார்க்கும் சிறிய சோதனை ஒன்றை வேறு ஊரில், வேறு இணைப்பில் ஓடவிட வேண்டும்.