பிளாக்ஃபுட் எல்பிகள்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

அமெரிக்கத் தென்மாநிலங்களின் ராக் இசையான சதர்ன் ராக் என்றால் லினர்ட் ஸ்கினர்ட் குழு என்று சொல்லிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். அதே புளோரிடா ஜாக்சன்வில்லில் 1969-இல் உருவான பிளாக்ஃபுட், அவர்களைவிட ஒரு பிடி கனமாக வாசித்த குழு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய ரெக்கார்ட் பெட்டிகளைக் கிளறும்போது கிடைத்தால், 1979 முதல் 1981 வரை வந்த மூன்று எல்பி தட்டுகளையும் தயங்காமல் எடுங்கள்.

1975, 1976-இல் வந்த முதல் இரண்டும் சேகரிப்பவர்களுக்கு மட்டும். மூன்றாவதான 'ஸ்ட்ரைக்ஸ்' (1979)தான் குழுவைத் தூக்கிவிட்டது. 'டிரெயின், டிரெயின்' பாட்டைத் தொடங்கிவைக்கும் மவுத் ஆர்கன், பாடகர் ரிக்கி மெட்லாக்கின் தாத்தா ஷார்ட்டி மெட்லாக் வாசித்தது; பாட்டை எழுதியவரும் அவரே. மவுத் ஆர்கன் ஓய்ந்ததும் கிட்டார் வந்து விழும் இடத்தில் ஒலியளவைக் குறைக்கத் தோன்றும், குறைக்காதீர்கள். கடைசிப் பாட்டு 'ஹைவே சாங்' மெதுவாகத் தொடங்கி, பாதிக்குமேல் வேகம் பிடித்து, மெட்லாக்கும் சார்லி ஹார்கிரெட்டும் கிட்டாரில் மல்லுக்கட்டுவதில் முடிகிறது.

'டாம்கேட்டின்' (1980) இன்னும் கரடுமுரடு. ஆனால் மூன்றில் சிறந்தது 'மரவ்டர்' (1981). காரணம் டிரம்ஸ். ஜாக்சன் ஸ்பயர்ஸ் வெறுமனே தாளம் போடுகிறவர் அல்லர். பல பாட்டுகளை மெட்லாக்கோடு சேர்ந்து எழுதியவர். 'குட் மார்னிங்'கில் கிட்டாரை அவர்தான் விரட்டுகிறார். 'ராட்டில்ஸ்னேக் ராக் அண்ட் ரோலர்' தொடக்கத்தில் தாத்தா பாஞ்சோவோடு மறுபடி வருகிறார்.

பிறகு சறுக்கல். 'சியோகோ'வில் (1983) பிரிட்டிஷ் ராக் குழுவான யூரியா ஹீப்பில் இருந்த கென் ஹென்ஸ்லி கீபோர்டுக்கு வந்தார். நல்ல வாசிப்பாளர்தான், ஆனால் இரண்டு கிட்டார் நின்ற இடத்தைக் கீபோர்டு பிடித்துக்கொண்டது. 'வெர்டிகல் ஸ்மைல்ஸ்' (1984) வந்தபோது ஹார்கிரெட்டும் இல்லை. இதற்குக் காசு கொடுக்க வேண்டாம், சும்மா கிடைத்தாலும் யோசியுங்கள். மெட்லாக் 1996-இல் ஸ்கினர்டுக்கே கிட்டார் வாசிக்கப் போய்விட்டார். 1970-களின் தொடக்கத்தில் அங்கே டிரம்ஸ் வாசித்தவர்தான்.

வாங்கும்போது இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டைப் போட்டுக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். 'ஹைவே சாங்', 'மரவ்டர்' முடிவிலுள்ள 'சர்ச்சின்' இரண்டும் நடு லேபிளை ஒட்டி இருக்கின்றன. தட்டின் சுற்றளவு அங்கே குறுகுவதால் ஊசிக்கு நெருக்கடி. தேய்ந்த ஊசியால் பலமுறை ஓட்டியிருந்தால் உச்சக் கிட்டார் ஒலி 'ஸ்ஸ்' என்று சிதறும். கழுவினாலும் அது போகாது. முதல் பாட்டை மட்டும் போட்டுக் காட்டும் கடைக்காரரிடம் கவனமாக இருங்கள்.

டர்பன் கடற்கரை ஈரத்தில் தட்டிலும் உறையிலும் பூஞ்சை பிடிக்கும். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். மூன்று பங்கு காய்ச்சி வடித்த நீரில் ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்து, லேபிளில் படாமல், வரிப்போக்கிலேயே துடையுங்கள். உள்ளுறையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை திரும்பிவரும். வீட்டில் பாட்டன் காலத்து 78 வேகத் தமிழ்த் தட்டுகள் இருந்தால் இந்தக் கலவையை அவற்றின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அவை பெரும்பாலும் ஷெல்லாக், அதாவது அரக்கு. ஆல்கஹால் பட்டால் கரையும்.

அமெரிக்காவிலிருந்து பழைய பிளேயர் வரவழைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. டிரான்ஸ்ஃபார்மர் இங்குள்ள 230 வோல்ட்டைக் குறைக்கும், ஆனால் இங்குள்ள 50 ஹெர்ட்ஸை அமெரிக்காவின் 60 ஆக்காது. மின்சாரத்தின் இந்த அதிர்வெண்ணை நம்பி ஓடும் மோட்டாராக இருந்தால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது 28-க்குக் கீழே இறங்கிவிடும். மெட்லாக்கின் குரல் ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் தாழ்ந்து கேட்கும். 50 ஹெர்ட்ஸுக்கான கப்பி அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.